ஒரு துப்பாக்கிக்கு எத்தனை வயது?

சென்னையின் பழைய குடும்பங்கள் சிலவற்றில் நகை, நிலம், வீணை இவற்றோடு ஒரு வேட்டைத் துப்பாக்கியும் தலைமுறை தாண்டி இறங்கி வந்திருக்கிறது. தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைப்பது, எல்லாம் முடிந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கி வருவது என்பதோடு இப்போது அதன் நடமாட்டம் முடிந்துவிடுகிறது. காட்டைப் பார்த்துப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும்.

அப்படி ஒரு ரைஃபிள் அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நானே கட்டிக்கொண்ட ரைஃபிள் இது. ஆனால் அதில் நாம் பார்க்கப்போகும் அடையாளங்கள் எல்லாம் நிஜத் துப்பாக்கிகளில் இருப்பவைதான். குழலின் மேல் கொடி கொடியாகப் பூவேலை செய்து, நடுவில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்' என்று செதுக்கியிருக்கிறது. கட்டை வால்நட் மரம். "கொள்ளுத் தாத்தாவுக்கு 1911 தில்லி தர்பார் சமயத்தில் கலெக்டர் துரை பரிசாகக் கொடுத்தது, மதராஸிலேயே செய்தது" என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள்.

இது உண்மையா? குழலில் எங்கேயும் ஆண்டு இல்லை. செய்தவர் எவரும் உயிரோடு இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒரு பொருளின் வயதையும் ஊரையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயருக்குச் சொந்தக்காரர் யார்?

முதலில் கண்ணில் படுவது பெயர். நம்மை முதலில் ஏமாற்றுவதும் அதுதான். மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரத்துக்கும் வெள்ளிச் சாமான்களுக்கும் பேர்போன கடை. வேட்டைத் துப்பாக்கிகளும் அதன் பெயர் தாங்கி விற்பனையாயின. கல்கத்தாவில் மேன்டன், ஆர்.பி. ரோடா போன்ற கடைகளும் அப்படித்தான். 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர்கள் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளை வழியிலேயே கடத்திக்கொண்டு போனார்களே, அவை ரோடா கடைக்காகக் கப்பலில் வந்த ஜெர்மன் சரக்கு. இந்தியக் கடைகள் பெரும்பாலும் இறக்குமதி செய்து விற்றவை என்பதற்கு அதைவிடப் பிரபலமான சாட்சி தேவையில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் துப்பாக்கித் தொழிலுக்கென்றே ஒரு வட்டாரம் இருந்தது. குழல் துளைப்பவர் ஒருவர், விசைப்பொறி ராவுபவர் ஒருவர், கட்டை இழைப்பவர் ஒருவர், பூவேலை செதுக்குபவர் வேறொருவர். எல்லாம் சேர்ந்து முடிந்ததும், ஆர்டர் கொடுத்த கடையின் பெயரைக் குழலில் வெட்டி அனுப்பிவிடுவார்கள். வாடிக்கையாளர் தன் கை நீளத்தையும் தோள் அகலத்தையும் சொல்லிச் செய்துகொள்ளும் 'கஸ்டம்' ரைஃபிள் என்றால் சிக்கல் இன்னும் கூடும். பொறி ஒரு நாட்டிலிருந்து வரும், குழல் இன்னொரு நாட்டில் துளைக்கப்படும், கட்டை மூன்றாவது நாட்டு மரமாக இருக்கும்.

ஆகவே 'இந்தத் துப்பாக்கிக்கு என்ன வயது?' என்ற கேள்வியையே கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. எந்தப் பாகத்துக்கு என்ன வயது என்று கேட்க வேண்டும்.

கீழ் எல்லை, மேல் எல்லை

1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலியில் செய்த ஒருவகைச் சிவப்பு மட்பாண்டத்தின் ஓடுகள் கிடைத்தன. அந்தப் பாண்டம் எப்போது செய்யப்பட்டது என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆகவே அந்த ஓடு கிடந்த மண் அடுக்கு, பாண்டம் பிறந்த காலத்துக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. எவ்வளவு பிந்தியது என்பதை ஓடு மட்டும் சொல்லிவிடாது. இப்படி 'இதற்கு முன்னால் இல்லை' என்று சொல்லும் தடயத்தைக் கீழ் எல்லை என்போம். 'இதற்குப் பின்னால் இல்லை' என்பது மேல் எல்லை. தொல்லியல் மாணவர்கள் முதலாண்டில் படிக்கும் இந்தப் பாடமே துப்பாக்கிக்கும் போதும்.

ஒரு தடயத்தை எந்த எல்லையாக எடுத்துக்கொள்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பெங்களூர் கென்னத் ஆண்டர்சனைத் தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியும். தருமபுரி, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைக் காடுகளில் அலைந்து வேட்டையாடி, அதை எழுதியவர். அவர் கையில் இருந்தது அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் செய்த 1895 மாடல் ரைஃபிள், .405 அளவு. அந்த மாடலுக்கு ஜான் பிரவுனிங் பெற்ற காப்புரிமையின் தேதி 1895 நவம்பர் 5. இப்படிப்பட்ட காப்புரிமைத் தேதியைத் துப்பாக்கி மேலேயே பொறிப்பது வழக்கம். அதைப் பார்ப்பவர் 'அட, 1895இல் செய்தது' என்று முடிவு கட்டிவிடுவார். காப்புரிமைத் தேதி கீழ் எல்லை மட்டுமே. அந்த மாடல் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தயாரிப்பில் இருந்தது. மேலும் .405 தோட்டா சந்தைக்கு வந்ததே 1904இல்தான். ஆகவே அந்த அளவில் உள்ள எந்த 1895 மாடல் ரைஃபிளுக்கும் கீழ் எல்லை ஒரே எட்டில் ஒன்பது ஆண்டுகள் முன்னேறிவிடுகிறது.

காந்தி நகர் ரைஃபிளுக்கும் இதையே செய்து பார்ப்போம். அதன் பொறி, கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுக்கும் போல்ட் வகை. போல்ட்டின் முன்பக்கம் அதைப் பூட்டிப் பிடிக்கும் இரண்டு காதுகள், பின்பக்கம் பாதுகாப்புக்காக மூன்றாவதாக ஒன்று. தோட்டா வெடித்துப் பின்னால் வாயு பீறினால் சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் தடுக்க ஒரு தட்டு. இந்த அம்சங்கள் சேர்ந்து அமைந்தது ஜெர்மனியின் மவுசர் 1898 மாடலில். கீழ் எல்லை 1898. நாடு ஜெர்மனி. மதராஸும் இல்லை, பர்மிங்ஹாமும் இல்லை.

பொறியின் இடப்பக்கச் சுவரில் கட்டைவிரல் நுழையும்படி அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கிறது. ஐந்து தோட்டாக்களை ஒரே அழுத்தில் உள்ளே தள்ளச் சிப்பாய்க்குத் தேவைப்பட்ட வெட்டு அது. நிதானமாகச் சுடும் வேட்டைக்காரருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஆகவே இந்தப் பொறி ராணுவத் துப்பாக்கி ஒன்றிலிருந்து கழற்றி எடுத்ததோ என்று சந்தேகம் எழுகிறது. முதல் உலகப் போர் முடிந்த பிறகு உபரியாகக் கிடந்த மவுசர் பொறிகள் ஏராளமாக வேட்டைத் துப்பாக்கிகளாக மறுபிறவி எடுத்தன. சந்தேகத்தைக் குறித்துக்கொண்டு மேலே போவோம்.

துளையின் அளவில் ஒரு சட்டம்

குழலில் .275 என்று பொறித்திருக்கிறது. அங்குலக் கணக்கில் குழல் துளையின் விட்டம் அது. ஆனால் பொறித்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பின்னால் யாராவது துளையைப் பெரிதாக்கியிருக்கலாம். அதனால் தோட்டா உட்காரும் அறையை வார்ப்பு எடுத்து அளக்கிறார்கள். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் கலந்த ஓர் உலோகக் கலவை உண்டு. தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கும் கீழேயே உருகிவிடும். அதை உருக்கி அறைக்குள் ஊற்றினால் முதல் அரைமணி நேரம் லேசாகச் சுருங்கும், அதனால் எளிதாக வெளியே வரும். பிறகு மெல்ல விரிந்து, ஒரு மணி நேரத்தில் அறையின் அசல் அளவை எட்டும். அந்த நேரம் பார்த்து அளந்தால் எந்தத் தோட்டாவுக்காகக் கடைந்த அறை என்று தெரிந்துவிடும்.

நம் ரைஃபிளில் கிடைக்கும் அளவு 7×57 மில்லிமீட்டர் தோட்டாவினுடையது. 1893இல் ஸ்பெயின் ராணுவம் ஏற்ற மவுசர் துப்பாக்கியின் தோட்டா. ஜெர்மானியர் மில்லிமீட்டரில் சொன்னதைப் பிரிட்டிஷ் கடைக்காரர்கள் .275 என்று அங்குலத்தில் விற்றார்கள். தோட்டா ஒன்றுதான், குழலில் எந்தப் பெயர் பொறித்திருக்கிறது என்பது எந்தச் சந்தைக்காகச் செய்தது என்பதைக் காட்டுகிறது. ஆகவே பொறி ஜெர்மனியினுடையது என்றாலும் குழல் பிரிட்டிஷ் வாடிக்கையாளரை நினைத்துச் செய்தது.

இந்தியாவில் குழலின் அளவு இன்னொரு வகையிலும் பேசும். 1907இல் பிரிட்டிஷ் இந்திய அரசு .450 அளவு ரைஃபிள்களை இறக்குமதி செய்யத் தடை போட்டது. மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய ராணுவத் துப்பாக்கியின் தோட்டாவும் அதே அளவுக் குண்டைத்தான் சுடும். வேட்டைக்காக வரும் தோட்டாக்கள் கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயம். யானை, காட்டெருமை வேட்டைக்கு .450தான் அன்றைய செல்லப் பிள்ளை. இந்தியாவோ லண்டன் துப்பாக்கிக்காரர்களின் பெரிய சந்தை. சந்தையை விட மனமில்லாமல் அவர்கள் அளவை ஒரு மயிரிழை தள்ளி வைத்தார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .465 கொண்டுவந்தது. .470, .475, .476 என்று மற்றவை வரிசை கட்டின. மிருகத்துக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. சுங்க அதிகாரிக்குத் தெரிந்தது, அது போதும்.

.303 கதையும் இதே மாதிரி. ராணுவத்தின் அளவு என்பதால் பொதுமக்கள் அதை வைத்துக்கொள்ளத் தடை. அதனால் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனம் இந்தியாவுக்கென்றே .315 அளவில் ரைஃபிள் செய்தது. விடுதலைக்குப் பிறகு வங்கத்தின் இச்சாப்பூர் அரசுத் தொழிற்சாலையும் அதே .315ஐத் தொடர்ந்தது. இன்றைக்கும் நம் ஊரில் .315 ரைஃபிள் ஒன்றைப் பார்த்தால் அதன் துளையில் ஒரு காலனியச் சட்டம் பதிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

குடத்தைத் தட்டிப் பார்த்தவர்கள்

இதுவரை கிடைத்தவை எல்லாம் கீழ் எல்லைகள். ஆண்டை நெருக்கிப் பிடிக்க, குழலைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். கட்டைக்குள் மறைந்திருக்கும் பகுதியில் குட்டிக் குட்டியாகச் சில முத்திரைகள் இருக்கும். இவற்றைச் சோதனை முத்திரைகள் எனலாம்.

சந்தையில் மண்குடம் வாங்கும்போது விரல் மடக்கித் தட்டிப் பார்த்து, 'ணங்' என்றால்தான் எடுத்துக்கொள்வோம். துப்பாக்கிக் குழலுக்கும் அப்படி ஒரு தட்டல் உண்டு. வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்து அடைத்து ஒருமுறை வெடித்துப் பார்ப்பார்கள். குழல் பிளக்காமலும் வீங்காமலும் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். விற்பவரே தட்டிவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவது? அதனால் அந்த வேலை அரசுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனி நிலையங்களிடம் போனது. லண்டனில் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு அரச சாசனம் 1637இல் கிடைத்தது. பர்மிங்ஹாம் சோதனை நிலையம் 1813இல் ஒரு சட்டத்தால் உருவானது. ஜெர்மனி 1891இல் சட்டம் இயற்றி 1893இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக்கும் தனி முத்திரைகள் உண்டு.

விதிகள் அவ்வப்போது மாறும். விதி மாறினால் முத்திரையும் மாறும். நமக்கு அதுதான் லாபம். 1904இல் பர்மிங்ஹாம் தன் முத்திரைகளைப் புதுப்பித்தது. கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள் அப்போது வந்தவை. இவற்றில் என்.பி. முத்திரை, புகையில்லாத புது மருந்தைத் தாங்கும் குழல் என்பதற்கு அத்தாட்சி. 1921 முதல் பர்மிங்ஹாம் நிலையம் ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று ரகசியக் குறியும் சேர்த்தது. 1954 விதிகளுக்குப் பிறகு, தாங்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று பொறிக்கப்பட்டது. ஜெர்மனியின் ஸூல் நகரக் குழல்களில் இன்னும் வசதி, '6.24' என்று இருந்தால் 1924 ஜூன் என்று நேராகவே படித்துவிடலாம்.

நம் ரைஃபிளின் குழலடியில் கிரீடமும் என்.பி.யும் இருக்கின்றன, பக்கத்தில் வட்டத்துக்குள் 'எஃப்'. 1921 'ஏ' என்றால் 'எஃப்' 1926 வாக்கில் விழும். டன் கணக்கு இல்லாததும் இதோடு ஒத்துப்போகிறது. 1926இல் சோதிக்கப்பட்ட குழல் 1911 தர்பாருக்குப் போயிருக்க முடியாது.

இந்த முத்திரைகளை ஏன் நம்புகிறோம்? பூவேலையும் கடைப்பெயரும் வாங்குபவர் பார்ப்பதற்காகச் செய்தவை. கட்டைக்கடியில் மறைந்திருக்கும் முத்திரையை வாங்குபவர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அதைக் குத்திய நிலையத்துக்கு விற்பனையில் லாபமும் இல்லை. அப்படியும் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய குழலை மறுபடி சோதனைக்கு அனுப்பியிருந்தால் புது முத்திரையும் சேர்ந்திருக்கும். அப்போது பழைய முத்திரைகளும் அருகிலேயே இருக்கும். நம் குழலில் ஒரே தலைமுறை முத்திரைகள்தான்.

மரையும் உப்பும்

ஆண்டு கிடைத்துவிட்டது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட முடியாது. மற்ற தடயங்கள் இதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். திருகாணி மரையின் கோணம் ஒரு நல்ல சாட்சி. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த மரை 55 பாகைக் கோணம் கொண்டது. மெட்ரிக் மரை 60 பாகை. மரைச் சீப்பு என்ற சின்னக் கருவியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இதிலும் ஒரு வலை விரித்திருக்கிறது. மவுசர் 1898 பொறியில் குழல் பொருந்தும் மரை, ஜெர்மனியில் செய்ததாயினும், அங்குலக் கணக்கில் 55 பாகைக் கோணம் கொண்டது. அதைப் பார்த்துப் பொறி இங்கிலாந்துடையது என்று சொன்னால் தவறாகிவிடும். தனியொரு தடயத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாததற்கு இதுவே காரணம்.

அடுத்து குழலின் உட்புறம். ஒளி பாய்ச்சிப் பார்த்தால் சுருள் சுருளாக ஓடும் பள்ளங்கள் தெரியும். குண்டைச் சுழலவைத்து நேராகப் போகச் செய்யும் இவற்றைப் புரிப்பள்ளங்கள் எனலாம். மவுசர் மரபில் பொதுவாக நான்கு பள்ளம், வலஞ்சுழி. பிரிட்டிஷ் ராணுவத்தின் என்ஃபீல்டு மரபில் ஐந்து, இடஞ்சுழி.

பள்ளங்களுக்கிடையே பொட்டுப் பொட்டாகத் துருக்குழிகள் இருந்தால் அவற்றுக்கும் வேதியியல் உண்டு. பழைய தோட்டாக்களின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகி, நுண்ணிய உப்புப் படலமாகக் குழலில் ஒட்டிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 84 சதவீதத்தை ஒட்டி ஏறும்போது இந்த உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகிவிடும். சென்னையின் மழைக்கால விடியலில் ஈரப்பதம் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. அதனால் எண்ணெய் தேய்த்துப் பத்திரமாக வைத்தவர்களின் குழல்களும் அரித்துப்போயின. வெந்நீர் ஊற்றிக் கழுவிய பின் எண்ணெய் போட்டவர்களின் குழல்கள் தப்பின. துரு அரிக்காத குப்பிகள் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் 1920களின் பிற்பகுதியில்தான் பரவத் தொடங்கின. ஆகவே துருக்குழி குழலின் வயதை நேரடியாகச் சொல்வதில்லை. எவ்வகைத் தோட்டா சுடப்பட்டது, பிறகு எப்படிப் பராமரித்தார்கள் என்பதைச் சொல்கிறது.

குழலின் தொண்டைப் பகுதியில் பல்லித் தோல் போன்ற வெடிப்புகள் இருந்தால் அவை கார்டைட் மருந்தின் சூட்டால் விழுந்தவை. அபெல், டீவர் என்ற இரு வேதியியலாளர்கள் 1889இல் காப்புரிமை பெற்ற கார்டைட்டின் முதல் வடிவத்தில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம் இருந்தது. அதன் சூட்டில் குழல்கள் விரைவில் தேய்ந்ததால் 1901 வாக்கில் அதை 30 சதவீதமாகக் குறைத்தார்கள். இன்னொரு தொல்லை, கார்டைட் வெயிலில் சூடேறினால் குழலுக்குள் அழுத்தம் எகிறும். அதனால் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்து அடைத்த தோட்டாக்கள் தனியாக வந்தன. கார்டைட்டுக்கான அரசுத் தொழிற்சாலை நம் நீலகிரியில் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. இன்றும் அங்கேதான் இயங்குகிறது.

ராவியும் அழியாத எண்

பொறி ராணுவத்தினுடையதோ என்று முதலில் சந்தேகப்பட்டோம். பொறியின் மேல் வளையத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஓரிடத்தில் மிக லேசான தட்டை. யாரோ எதையோ ராவி எடுத்திருக்கிறார்கள். ராணுவ மவுசரில் அந்த இடத்தில்தான் தொழிற்சாலைப் பெயரும் ஆண்டும் இருக்கும்.

ராவியதை மறுபடி படிக்க முடியுமா? முடியும். எஃகு நுண்ணிய படிகங்கள் நெருக்கி அடுக்கியது. முத்திரை அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது மேற்பரப்பில் பள்ளம் விழுவதோடு, அதற்குக் கீழே உள்ள படிகங்களும் நசுங்கிக் கோணலாகிவிடும். பள்ளத்தை ராவி எடுத்தாலும் கீழே நசுங்கிய படிகங்கள் அப்படியே இருக்கும். நசுங்கிய உலோகத்தில் ஆற்றல் கூடுதலாகத் தேங்கியிருப்பதால் அது அமிலத்தில் சுற்றியுள்ள உலோகத்தைவிட வேகமாகக் கரையும். பரப்பை வழவழப்பாக்கி, தாமிர குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால் அழித்த எண் நிழல்போல எழுந்து வரும். திருட்டு வண்டிகளின் சேசிஸ் எண்ணை மீட்கவும் தடய அறிவியலாளர்கள் இதையேதான் செய்கிறார்கள். நம் ஊரில் இந்த வேலைக்கான இடம் மயிலாப்பூர் காமராசர் சாலையில் உள்ள தடய அறிவியல் துறை. அது காவல்துறையும் நீதிமன்றமும் அனுப்பும் வழக்குகளுக்கானது. அமிலம் பழம்பொருளின் மேற்பரப்பைக் கெடுக்கும் என்பதால், காந்தப் புலத்தில் வைத்து மெல்லிய இரும்புத் துகளைத் தூவிப் பார்ப்பது சேதமில்லாத மாற்று வழி. நசுங்கிய இடத்தில் காந்தப் புலம் சிதறுவதால் துகள்கள் எண்ணின் வடிவத்தில் ஒதுங்கும்.

நம் கற்பனை ரைஃபிளில் அப்படி எழுந்து வருவது 1916 என்று வைத்துக்கொள்வோம். போர்க்களத்துக்காகப் பிறந்த பொறி, பத்தாண்டு கழித்து பர்மிங்ஹாம் குழலோடு சேர்ந்தது.

மரத்தில் அணுகுண்டு

கட்டை மட்டும் மிச்சம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் வெட்டுமுகத்தைப் பார்த்தால், நீர் கடத்தும் துளைகளின் அமைப்பை வைத்து வால்நட்டையும் நம் ஊர் ஈட்டியையும் பிரித்துவிடலாம். ஆனால் பிரெஞ்சு வால்நட்டும் காஷ்மீர் வால்நட்டும் ஒரே இனம். ஆகவே மரம் எந்த நாடு என்பதை இந்த வழியில் சொல்ல முடியாது.

வயதுக்குக் கார்பன்-14 சோதனை செய்யலாமே என்று தோன்றும். கீழடியில் பயன்பட்ட அதே முறை. மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்து ஒவ்வொரு வளையத்திலும் சேர்க்கும் கதிரியக்கக் கார்பன், அந்த வளையம் உருவான பிறகு சீராகக் குறைந்துகொண்டே போகும். மிச்சத்தை அளந்து வயதைக் கணக்கிடுவார்கள். ஆனால் சுமார் 1650 முதல் 1950 வரையிலான மூன்று நூற்றாண்டுகள் இந்த முறைக்கு ஒரு குருட்டுப் பகுதி. சூரியனின் ஏற்ற இறக்கமும் நிலக்கரிப் புகையும் சேர்ந்து காற்றின் கார்பன்-14 அளவை மேலும் கீழுமாக ஆட்டியதால், ஒரே அளவீட்டுக்குப் பல ஆண்டுகள் விடையாக வந்து நிற்கும். வேட்டை ரைஃபிள்களின் பொற்காலம் முழுவதும் இந்தக் குருட்டுப் பகுதிக்குள் அடங்கிவிடுகிறது.

1955க்குப் பிறகு நிலைமை தலைகீழ். வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 மளமளவென்று ஏறி, 1963 வாக்கில் வடகோளத்தில் ஏறக்குறைய இரு மடங்கானது. அந்த ஆண்டு ஏற்பட்ட சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த மரம் ஒவ்வொன்றும் அந்த எழுச்சியைத் தன் வளையங்களில் பதிந்துகொண்டது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்திலும் தில்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்திலும் இருப்பது போன்ற கருவிகளுக்குச் சில மில்லிகிராம் மரத்தூள் போதும். கட்டையில் அணுகுண்டுக் கார்பன் இருந்தால் அது 1955க்குப் பிந்திய மரம் என்பது உறுதி. இல்லாவிட்டால் பழைய கட்டை என்று உறுதியாகாது. 1970இல் வெட்டிய நூறு வயது மரத்தின் நடுப்பகுதி 1870களில் வளர்ந்ததாயிற்றே! இதுவும் ஒருபக்கம் மட்டுமே பேசும் தடயம்.

நம் ரைஃபிளின் கட்டையில் அணுகுண்டுக் கார்பன் தெரிகிறது. அப்படியானால் பழைய கட்டை உடைந்து, பின்னால் மாற்றியிருக்கிறார்கள். எப்போதுக்குள்? இங்கே ஒரு மேல் எல்லையைச் சட்டம் தருகிறது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்காகக் கட்டை மாற்றிச் செப்பனிடும் தேவை அதோடு அநேகமாகத் தீர்ந்தது. மரத்தின் கீழ் எல்லை போல இது கறாரானதல்ல, ஊகம்தான். அறிக்கையில் ஊகம் என்றே எழுத வேண்டும்.

பேரேடு சொல்வது

இரும்பும் மரமும் சொன்னதைக் காகிதம் இருந்தால் அதனோடு ஒப்பிட வேண்டும். ஜிம் கார்பெட்டின் ரிக்பி ரைஃபிள் இதற்கு நல்ல உதாரணம். நம் ரைஃபிளைப் போலவே .275 அளவு, மவுசர் பொறி. அதன் கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில், 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஜான் ஹியூவெட் அளித்தது என்ற செய்தி இருக்கிறது. தகட்டை மட்டும் பார்த்தவர் 1907இல் செய்தது என்பார். லண்டன் ரிக்பி நிறுவனத்தின் பேரேட்டிலோ அந்த ரைஃபிள் 1905இலேயே கல்கத்தா மேன்டன் கடைக்கு விற்ற கணக்கில் இருக்கிறது. ஹியூவெட் அங்கிருந்து வாங்கிப் பரிசளித்திருக்கிறார். தகடு பொய் சொல்லவில்லை. அது பரிசளிப்பு விவரத்தைச் சொல்கிறது, பிறப்பைச் சொல்வது அதன் வேலையில்லை. வரிசை எண்ணை வைத்துப் பேரேட்டைத் தேடும் வசதி பல பழைய பிரிட்டிஷ் நிறுவனங்களில் இன்றும் உண்டு.

வீட்டில் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் தாமே கழற்றிப் பார்க்க இறங்கக் கூடாது. சுட்டுப் பார்க்கவே கூடாது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து, குழலடி முத்திரைகளையும் வரிசை எண்களையும் படம் எடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. சுடும் நிலையில் உள்ள ரைஃபிளுக்கு நூறு வயதானாலும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் தேவை. 2019 திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோது, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது. அந்த முடிவைக் குழலில் செதுக்கிய பெயரைப் பார்த்து எடுப்பதைவிட, அடியில் குத்திய முத்திரைகளைப் பார்த்து எடுப்பது நல்லது.

காந்தி நகர் ரைஃபிளுக்கான அறிக்கை நான்கு வரிதான். பொறி, ஜெர்மனி, 1916, ராணுவத்துக்காகச் செய்தது. குழல், பர்மிங்ஹாம், 1926 வாக்கில் சோதிக்கப்பட்டது. விற்பனை, பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ், 1926க்கு முன்பு இல்லை. கட்டை, வால்நட், 1955க்குப் பிந்தியது. 1972க்கு முந்தியதாக இருக்கலாம். 1911 தர்பார் கதை வேறொரு துப்பாக்கியினுடையதாக இருக்கலாம்; இந்தத் துப்பாக்கியினுடையதல்ல. நான்கு வயதும் சேர்ந்ததுதான் இது, அதனால் போலி என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே ஓர் ஆண்டைச் சொல்லி விலை பேசுபவர் வந்தால் மட்டும், அது எந்தப் பாகத்தின் ஆண்டு, கீழ் எல்லையா மேல் எல்லையா என்று கேளுங்கள்.